சந்திக் கடையின் வரலாறும் அதற்குரிய சான்றுகளும்

வரலாறு என்றதும் அரசர்களின் ஆட்சியும், அவர்கள் புரிந்த போர்களும், கட்டிய கோயில்களும், வெட்டிய குளங்களுமே நம் நினைவில் எழுகின்றன. இவை வரலாற்றின் பெரும் பகுதிகள் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், ஓர் ஊரவர் நாள்தோறும் எதை உண்டனர், அதனை எங்கே வாங்கினர், கையிற் காசில்லாத நாளில் யாரிடம் போய் நின்றனர் என்னும் வினாக்களும் வரலாற்று வினாக்களேயாம். இவ்வினாக்களுக்கு விடை கூறத்தக்கது, ஊர்ச் சந்தியிலே ஓலைத் தாழ்வாரத்தின் கீழும் பின்னர் ஓட்டுக் கூரையின் கீழும் நின்ற சிறு பலசரக்குக் கடை. அக்கடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எங்கெங்கே சான்றுகளைத் தேடலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வெண்ணம் எமக்கு உதித்த வகையைச் சொல்லிவிடுதல் நன்று. சில ஆண்டுகளுக்கு முன், கோயில் திருவிழாவொன்றில் நண்பர்கள் சிலர் சேர்ந்து கச்சான் வாங்கினோம். கச்சான் தீர்ந்தபின் சரையைப் பிரித்துப் பார்த்தபோது, அது பழைய கணக்குக் கொப்பியொன்றின் தாளாயிருந்தது. நீல மையால் எழுதப்பட்ட வரிகள்: அரிசி இரண்டு கொத்து, மண்ணெண்ணெய் ஒரு போத்தல், தேயிலை, சீனி, செத்தல் மிளகாய். மேலே ஒரு வீட்டுக்காரரின் பெயர். கீழே, கொடுபட்டது போக நிலுவை. ஒரு குடும்பம் ஒரு கிழமையில் உண்டதும் கடன்பட்டதும் எமது உள்ளங்கையிலே கிடந்தன. மறுநாட் காலையில் அத்தகைய சரைகள் எத்தனையோ கோயில் வீதியிற் கூட்டிக் குவிக்கப்பட்டு எரிந்தன. அன்று தொடங்கியதே எமது தேடல்.

பழைய நூல்கள்

கடைத்தெருவைப் பாடுவதில் தமிழ் இலக்கியம் பின்னிற்கவில்லை. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் நாளங்காடி, அல்லங்காடி என்னும் பகற்கடைகளையும் இராக்கடைகளையும் நமக்குக் காட்டுகின்றன. ஆனால் அவை தலைநகரங்களின் பெருவீதிகள். கால் இறாத்தல் சீனிக்குப் பிள்ளையை அனுப்பும் ஊர்க்கடை அவற்றில் இல்லை. ஆதலின், நமது தேடலை அண்மைக் காலத்துக்கே கொண்டுவருதல் வேண்டும். இலங்கையைப் பொறுத்தமட்டிற் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சான்றுகள் பல உள. அவை ஓரிடத்தில் இல்லை என்பதே இடர்ப்பாடு.

அரசாங்க ஏடுகள்

முதலில் நோக்கத்தக்கவை குடிசன மதிப்பீட்டு அறிக்கைகள். இத்தீவு முழுவதையும் தழுவிய முதலாவது மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் எண்ணப்பட்டனர். மக்களின் தொகையோடு தொழிலும் குறிக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்திய டென்ஹாம் என்பவர் அதனையொட்டி எழுதி 1912இல் வெளியிட்ட பெருநூல், வெறும் எண்களோடு நில்லாது மக்களின் வாழ்க்கை முறையையும் விளக்குவது. எனினும் இவ்வறிக்கைகளைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. குடிசன மதிப்பீடு எண்ணியது ஆட்களையே, கடைகளையன்று. கணவன் சந்தைக்குப் போன வேளையிற் கல்லாவிலிருந்து வியாபாரம் பார்த்த மனைவியும், பள்ளி விட்டு வந்து சரை சுற்றிய பிள்ளையும் பெரும்பாலும் அக்கணக்கில் வரமாட்டார்கள். மேலும், 1931இற் பொருளாதார மந்தங் காரணமாக மதிப்பீடு மிகச் சுருக்கமாகவே நடந்தது, அடுத்தது 1946இல். வடபகுதிக்கோ 1981க்குப் பின் முழுமையான மதிப்பீடு 2012இலேயே நிகழ்ந்தது. ஊர்க்கடைகள் மிகப் பெரிய மாற்றங்களுக்குள்ளான அந்த முப்பத்தொரு ஆண்டுகளுக்கு, இவ்வகைச் சான்று எமக்கு முழுமையாக இல்லை.

விலைகளை அறிய விரும்புவோர், குடியேற்ற நாட்டு அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிட்ட நீலப் புத்தகங்களைப் பார்த்தல் வேண்டும். அரிசி முதலிய உணவுப் பொருள்களின் விலையும், கூலியாட்களின் நாட்சம்பளமும் அவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு நாட் கூலிக்கு எத்தனை கொத்து அரிசி என்பது தெரியவரும். பிற்காலத்துக்குக் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் உண்டு. 1952ஆம் ஆண்டை நூறாகக் கொண்ட அச்சுட்டெண், 1949, 1950ஆம் ஆண்டுகளிற் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடம் எடுத்த வரவுசெலவுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. மத்திய வங்கி 1953இல் முதன்முதலாக நடத்திய நுகர்வோர் நிதி ஆய்வும் குடும்பச் செலவினையும் கடனையும் பற்றி விளக்குவது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற பொருளாதாரத் தொகைமதிப்பே, வணிக நிலையங்களையும் நேரடியாக எண்ணிய பெருமுயற்சியாகும்.

இவற்றைவிட ஆணைக்குழு அறிக்கைகளும் உள. 1934இல் வெளிவந்த இலங்கை வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை, பெரிய வங்கிகள் சிறு வியாபாரிக்குக் கதவைத் திறவாத காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கடனே வணிகத்தை நடத்திய வகையைக் கூறுகின்றது. 1938இல் ஜாக்சன் என்பார் அளித்த குடிவரவு பற்றிய அறிக்கை, இந்தியாவிலிருந்து வந்தோர் இந்நாட்டில் எத்தொழில்களில் ஈடுபட்டனர் என்பதை ஆராய்வது. ஊர்க்கடைக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது, அச்சரக்குக்கு யார் தவணை கொடுத்தார் என்பவற்றை அறிதற்கு இவை உதவும். சந்திக் கடைக்காரர் ஊருக்குக் கடன் கொடுத்தார் என்றால், அவருக்கும் ஒருவர் கடன் கொடுத்திருத்தல் வேண்டுமன்றோ?

பேர்கசன் வழிகாட்டி நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி வெளிவந்தவை. தோட்டங்கள், கம்பனிகள், உத்தியோகத்தர் ஆகிய எல்லாம் அவற்றில் நிரம்பியுள்ளன. ஆனால் ஒழுங்கைத் தொங்கலிலுள்ள கடையைத் தேடி அந்நூல்களைப் புரட்டுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவர். வழிகாட்டி நூல் வேண்டப்படுவது வழி அறியாதவர்க்கே. ஊர்க்கடைக்கு வழி கேட்பவர் ஊரில் எவருமிலர்!

அழிவு எழுதிய கணக்கு

இவ்விடத்திலே துயரமான ஓர் உண்மையைக் குறிப்பிடல் வேண்டும். எமது நாட்டிலே சிறு கடைகள் தொகையாக எண்ணப்பட்ட தருணங்கள் சில, அவை அழிக்கப்பட்ட தருணங்களாம். 1915இல் நிகழ்ந்த கலவரத்தில் முஸ்லிம் வணிகர்களுடைய கடைகள் நாலாயிரத்துக்கு மேற்பட்டன சூறையாடப்பட்டன. அதன்பின் நட்டஈடு வழங்குதற்கெனச் சட்டமியற்றப்பட்டு, உரிமைக் கோரிக்கைகள் விசாரிக்கப்பட்டன. கடை எவ்விடத்தில் இருந்தது, அதில் என்ன சரக்கு இருந்தது, அதன் பெறுமதி யாது என்று கேட்கப்பட்டது அப்பொழுதுதான். அமைதிக் காலத்தில் எவரும் கேளாத வினா அது.

யாழ்ப்பாணத்தவர் தென்னிலங்கையெங்கும் வைத்திருந்த சுருட்டுக்கடைகளின் கதையும் இதனோடு ஒத்ததே. தீவுப்பகுதியிலும் வலிகாமத்திலுமிருந்து இளம் வயதிலே புறப்பட்டு, சிங்கள ஊர்களின் சந்திகளிற் கடை வைத்து, அவ்வூர் மக்களின் மொழியைப் பேசி, அவர்களின் நன்மை தீமைகளிற் கலந்து, ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கு வீடு திரும்பியோர் பலர். சுருட்டோடு பலசரக்கும் விற்ற கடைகள் அவற்றிற் பல. 1958ஆம் ஆண்டுக் கலவரமும் 1983ஆம் ஆண்டுக் கலவரமும் அவ்வாழ்க்கையைப் பெரும்பாலும் முடித்துவைத்தன. 1983க்குப் பின் அழிந்த சொத்துக்களுக்கென அமைக்கப்பட்ட அதிகாரசபைக்கு உரியோர் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களும், அவற்றின் படிகளாய் வீடுகளிலே தகரப் பெட்டிக்குள் கிடக்கும் தாள்களும், அக்கடைகளின் இறுதிச் சான்றுகளாம். அவற்றோடு கடைப் பங்காளிகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உடன்படிக்கைகளும், கடையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் சேர்த்து வைக்கத்தக்கன. இச்சான்றுகளை ஆள்வோர் ஒன்று கருதல் வேண்டும்: கடை இருந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி அவை ஒன்றுஞ் சொல்லாமல், அது எரிந்த ஓரிரவைப் பற்றியே பேசும். அந்த நாற்பது ஆண்டுகளையும் மீட்டெடுப்பதே வரலாற்றாசிரியன் கடன்.

பங்கீட்டுக் காலம்

இரண்டாம் உலகப்போர் ஊர்க்கடையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியின் பெரும்பங்கு கடல் கடந்து வந்தது. 1942இற் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அவ்வரவு நின்றது. அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் பங்கீட்டுப் புத்தகம் வழங்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறித்த கடையில், அல்லது ஐக்கிய பண்டகசாலையில், தன் பெயரைப் பதிந்துகொள்ள நேர்ந்தது. இவ்வாறு, எந்த வீட்டார் எந்தக் கடையின் வாடிக்கைக்காரர் என்பது முதன்முறையாக எழுத்தில் வந்தது. 1942இற் சில பத்துக்களாக இருந்த பண்டகசாலைச் சங்கங்கள், மூன்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ 4,000 ஆகப் பெருகின. ஊரார் ‘சங்கக்கடை’ என்றும் ‘கூப்பன் கடை’ என்றும் வழங்கிய நிலையங்கள் இவ்வாறு தோன்றியனவே.

1953ஆம் ஆண்டிலே பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் மாதம் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. சில மாதங்களுக்குள் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசியின் விலை ஓர் அரசாங்கத்தையே அசைத்தது எனின், அக்கொத்து அளக்கப்பட்ட இடம் வரலாற்றுக்குப் புறம்பானதாகுமா? 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன; 1971இற் சிறு சங்கங்கள் பல ஒன்றாக இணைக்கப்பட்டன; 1979இற் பங்கீட்டு முறை நீங்கி உணவு முத்திரை வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய இடாப்புகள் மூலையில் ஒதுக்கப்பட்டன. சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளும், கணக்காய்வு அறிக்கைகளும், அங்கத்தவர் இடாப்புகளும் எஞ்சியிருக்குமாயின் அவை பெருஞ் செல்வமாகும். சங்கத்தின் பழைய செயலாளர்களுடைய வீடுகளிலும் அவற்றைத் தேடல் வேண்டும். குறிப்பேட்டைக் கறையானுக்கு விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காத்தோர் உண்டு.

கந்தோர் இடாப்புகள்

ஒரு குறித்த தெருவை எடுத்து ஆராய்வோருக்கு இரண்டு இடாப்புகள் மிகவும் பயன்படும். ஒன்று, 1918ஆம் ஆண்டின் வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டது. தன் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் வணிகம் நடத்துவோர், அதன் பெயரையும் இடத்தையும் தன்மையையும் உரிமையாளர் இன்னார் என்பதையும் பதிதல் வேண்டும் என்பது அச்சட்டம். ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’ என்று பலகை மாட்டியவர் இதில் இருப்பார். பலகையின்றித் தம் பெயராலேயே அறியப்பட்ட கடைக்காரர் இரார். கடையை மூடியவரிற் பலர் அதனை அறிவிப்பதும் இல்லை. ஆகையால் இடாப்பில் உயிரோடிருக்கும் கடை, தெருவில் இறந்து பல்லாண்டுகள் ஆகியிருத்தல் கூடும்.

மற்றையது சோலைவரி இடாப்பு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இலக்கமிட்டு, அது வீடோ கடையோ என்பதையும், அதன் உரிமையாளரையும், ஆண்டுப் பெறுமதியையும் உள்ளூராட்சி மன்றங்கள் இதிற் குறிப்பன. யாழ்ப்பாணம் 1949இல் மாநகரசபையாயிற்று. அதற்கு முன்னும் நகரமன்றங்களும் கிராமச் சங்கங்களும் வரி அறவிட்டு வந்தன. பத்தாண்டு இடைவெளியில் இரண்டு இடாப்புகள் கிடைக்குமாயின், ஒரு தெருவில் எக்கடை வீடாயிற்று, எவ்வீடு கடையாயிற்று என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் கடைக்குள் என்ன விற்றது என்பதை இவ்விடாப்பு அறியாது. சுவரை அளந்தவர் அலுமாரியைத் திறந்து பார்க்கவில்லை.

பத்திரிகைகளும் மலர்களும்

1841இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த உதயதாரகை, 1889இல் தொடங்கிய இந்துசாதனம், 1930இற் பிறந்த ஈழகேசரியும் வீரகேசரியும், 1959இற் புறப்பட்ட ஈழநாடு ஆகிய பத்திரிகைகளைப் புரட்டுவோர் தலையங்கத்தை மட்டும் படித்து அமைதல் போதாது. விளம்பரங்களையும் படித்தல் வேண்டும். புதிதாக வந்த சரக்கு, தீபாவளி விலைக்கழிவு, கடை இடம் மாறிய அறிவித்தல், பங்காளி பிரிந்த அறிவித்தல் என்பன எல்லாம் அங்கே உள.

இன்னொரு களஞ்சியம் நம் கையிலேயே இருக்கின்றது. அது கோயில் மலர்களும், பாடசாலை மலர்களும், சங்கங்களின் ஆண்டு மலர்களுமாம். இவற்றின் கடைசிப் பக்கங்களில், ‘எமது நல்வாழ்த்துக்கள்’ என்னும் வாசகத்தோடு கடைகளின் பெயரும் தெருவும் தொலைபேசி இலக்கமும் அச்சாகின்றன. கட்டுரைகளை மட்டும் வெட்டியெடுத்து விளம்பரத் தாள்களை வீசிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஐம்பதாண்டுகள் கழித்து இம்மலரைப் புரட்டும் ஒருவருக்கு எமது கட்டுரைகளிலும் அவ்விளம்பரங்களே கூடிய பயன் தரலாம் என்று சொல்ல நாம் நாணவில்லை. விளம்பரத்துக்குப் பணந்தர இயலாத கடைகள் அங்கே இடம்பெறா என்பதே அச்சான்றின் குறை.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணத்தில் மூட்டப்பட்ட தீயில், பொதுநூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றையே எடுத்துச் சென்றனர். கணக்குக் கொப்பியை யார் எடுப்பர்? இவ்வளவுக்குப் பின்னும் எஞ்சியவற்றைத் தேடிப் படியெடுத்து எவரும் படிக்கத்தக்கதாக வைக்கும் பணியை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் செய்துவருகின்றது. பழைய மலர்களும் பத்திரிகைகளும் அங்கே பெருந்தொகையாக உள.

கடன் கொப்பி

இதுகாறும் கூறிய சான்றுகள் யாவும் கடையை வெளியே நின்று பார்ப்பன. உள்ளே நின்று பார்ப்பது ஒன்றேயுண்டு. அது கடைக்காரரின் கணக்கு. பெருங்கடைகளில் நாள்வழியும் பேரேடும் இருந்தன. ஊர்க்கடையிற் பெரும்பாலும் கடன் கொப்பி மட்டுமே இருந்தது. அதன் பக்கத்தின் தலையிலே உகரம் போன்ற பிள்ளையார் சுழி. பழைய கணக்குகளிலே தமிழ் இலக்கத்தில் இரண்டும் அவ்வாறே எழுதப்படுமாகையால், படிப்போர் தெய்வத்தையும் கணக்கிற் கூட்டிவிடாதபடி எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்!

கடன் கொப்பியிலிருந்து அறியத்தக்கவை பல. ஒரு வீட்டில் எந்த ஆண்டு தேயிலை வந்து புகுந்தது. எப்போது தினைமா குறைந்து கோதுமைமா கூடிற்று. நோன்பு நாட்களில் எப்பொருள் கூடுதலாக வாங்கப்பட்டது. புகையிலை விற்றபின் கமக்காரர் நிலுவை தீர்த்ததும், மாத முடிவில் ஆசிரியர் தீர்த்ததும் எவ்வாறு. 1990இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது, கொப்பியில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் எவ்வாறு அருகின என்பதையும் காணலாம். ஆனால் காசுக்கு வாங்கியவை இதில் வரா. ஆகையால் கடன் கொப்பி ஊரின் முழு உணவையுங் காட்டாது. ஊரின் முடையைக் காட்டும்.

அக்கொப்பிகளைத் தேடி நாம் சென்ற ஒரு கடையின் செய்தியை இங்கே கூறுகின்றோம். ஊரின் பெயரும் கடைக்காரரின் பெயரும் வேண்டா. வயது எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர். கடை மூடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆயின. நாம் சென்ற வேளையிற் பின்வளவிலே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அருகே ஒரு சாக்கு. அதற்குள் கொப்பிகள். ஐந்தாறு எரிந்துவிட்டன.

“ஐயா, இவற்றை ஏன் எரிக்கின்றீர்கள்?” என்று பதறிக் கேட்டோம்.

“தம்பிமார், இதுகளை வைச்சு நீங்கள் என்ன செய்யப் போறியள்? ஆர் ஆர் வீட்டிலை எந்த மாதம் அடுப்பு எரியேல்லை எண்டு இதிலை கிடக்கு. இப்ப அந்தப் பிள்ளையள் நல்லாய் இருக்குதுகள். நான் கண்ணை மூடினாப் பிறகு இது கச்சான்காரியின்ரை கையிலை போகவோ?” என்றார் அவர்.

எமக்கு மறுமொழி வரவில்லை. திருவிழாவிலே சரையைப் பிரித்து, அதிலிருந்த பெயரை ஒருவருக்கொருவர் உரத்துப் படித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது.

கடைக்கடன் பற்றிய சட்டத்தை நாம் அவரிடம் எடுத்துக் கூறினோம். வழக்குகளுக்குக் காலவரையறை விதித்த 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கடைக் கணக்கிலுள்ள கடனுக்கு ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். தவறின் அது வழக்கிற் செல்லாது. அப்படியிருக்க, நாற்பது ஆண்டுகளாக இக்கொப்பிகளை ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டோம்.

“சட்டத்துக்கு ஒரு வருஷம் எண்டால் எனக்கென்ன? இருந்தால் தருவினம். சில பேர் வெளிநாட்டிலையிருந்து வந்து, அப்பர் வைச்ச கடன் எவ்வளவு எண்டு கேட்டுத் தந்திட்டுப் போனவை. அதுக்காகத்தான் வைச்சிருந்தனான். இனி ஆர் வரப் போகினம்?” என்றார்.

ஊர்க்கடை எதன்மேல் நின்றது என்பதை இச்சொற்கள் எமக்கு உணர்த்தின. சட்டம் ஓராண்டில் மறந்த கடனை ஒருவர் நாற்பதாண்டு நினைந்திருந்தார். இன்னொருவர் கடல் கடந்து வந்து தீர்த்தார். இதனை எந்தக் குடிசன அறிக்கையும் எமக்குச் சொல்லவில்லை. அதே வேளையில், அவர் அஞ்சியதும் நியாயமே. ஒரு குடும்பத்தின் வறுமையை அவர்கள் அறியாமல் ஊரறியச் செய்தல் ஆராய்ச்சியாகாது, அறமுமாகாது.

நெடுநேரம் பேசியபின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். எஞ்சிய கொப்பிகள் மூன்று. அவற்றை அவருடைய வீட்டுத் திண்ணையிலேயே இருந்து படியெடுப்பது. பொருளும் அளவும் விலையும் திகதியும் மட்டும் எழுதுவது. பெயருக்குப் பதிலாக வீட்டுக்கொரு இலக்கம் இடுவது. பெயரும் இலக்கமும் சேர்ந்த தாளை எழுதாமலே விடுவது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. முடிந்தபின் கொப்பிகளை அவரிடம் ஒப்படைத்தோம். அவற்றை அவர் என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகும். ஒரு சான்றை மட்டும் நம்பி ஊர்க்கடையின் வரலாற்றை எழுதல் இயலாது. சோலைவரி இடாப்பு கட்டடத்தைத் தரும். வணிகப் பெயர் இடாப்பு உரிமையாளரைத் தரும். மலரின் விளம்பரம் கடையின் பெயரையும் காலத்தையும் தரும். நீலப் புத்தகமும் சுட்டெண்ணும் விலையைத் தரும். கடன் கொப்பி உணவையும் உறவையும் தரும். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போதே உண்மை துலங்கும். இவை ஒன்றுமில்லாத இடத்தில் முதியோரின் நினைவே துணை. அவர்களைக் கேட்கும்போது, “அந்தக் காலம் எப்படி?” என்று பொதுவாகக் கேட்டாற் பயனில்லை. “உங்கள் சந்தியிற் கிழக்குப் பக்கமாக முதலாவதாக நின்ற கடை யாருடையது? அதற்கு அடுத்தது?” என்று தெருவோடு நடந்து கேட்டல் வேண்டும். கால்கள் நினைவு வைத்திருப்பவற்றை வாய் எளிதிற் சொல்லிவிடும்.

நமது காலமும் விரைவிற் பழங்காலமாகும். இன்று கடைகள் பலவற்றிற் பற்றுச்சீட்டு இயந்திரத்தில் அச்சாகின்றது. அவ்வகைத் தாளின் எழுத்தோ சில ஆண்டுகளில் மங்கிப்போவது. 2022இற் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்றோம். அந்நாட்களில் எந்தச் சந்திக் கடைக்காரர் கடன் கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை என்பதை இன்று எல்லாரும் அறிவர். நாளை அறிவார் இரார்.

ஆகவே, இளைஞர்களே! பெரிய செலவோ பெரிய புலமையோ இப்பணிக்கு வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு கடையைத் தெரிந்துகொள்ளுக. கடைக்காரரிடம் மரியாதையோடு போய் இருந்து கேட்க. கடை தோன்றிய ஆண்டு, முதலாளிமார் பெயர், சரக்கு வந்த வழி, அளவைகள், விலைகள், கடை பட்ட இன்னல்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுக. பலகையையும் தராசையும் படமெடுத்து வைக்குக. பழைய மலர்களை விளம்பரத்தோடு சேர்த்துப் பாதுகாக்குக. கடன் கொப்பி கிடைக்குமாயின், பெயர்களை மறைத்துப் படியெடுக்குக.

திருவிழாவிலே எமக்குக் கிடைத்த அந்தத் தாள் இன்றும் எம்மிடம் உளது. அதன் தலையிலிருந்த பெயரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டோம். எஞ்சியது, ஒரு வீட்டார் ஒரு கிழமை உண்ட உணவும், அவர்களை நம்பி ஒருவர் கொடுத்த கடனும். எமது ஊரின் வரலாற்றை அங்கிருந்தே எழுதத் தொடங்குவோமாக.